துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு மலை

போன மாதம் குன்னூரில் நாலு நாள் விடாத மழை. இங்கே மழை பிடித்துக்கொண்டால் கரண்டும் கூடவே போய்விடும் என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்கா மகன் கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிறான், லீவுக்கு வந்திருந்தான். அவனும் சிநேகிதர்கள் மூணு பேரும் எங்க வீட்டு முன்ரூமில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு, பல முகம் உள்ள பகடைகளை உருட்டி ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருத்தர் கதை சொல்லி. அவர்தான் உலகத்தை உண்டாக்குகிறவர். மற்றவர்கள் அந்த உலகத்தில் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்லி விளையாட வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட ஆட்டம். சின்ன வயசில் நாம் திண்ணையில் உட்கார்ந்து ராஜா, மந்திரி, திருடன் என்று கட்டிய கதைக்கு இவர்கள் விதிப்புத்தகம் போட்டு விற்றுவிட்டார்கள், அவ்வளவுதான். (விதி எழுதுவதில் நம்ம மலைக்கும் பங்கு உண்டு. ஸ்நூக்கர் விதிகள் ஊட்டி க்ளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன என்பார்கள்.)

கதை சொல்லி நம்ம பையன். அவன் வரைந்து வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தேன். நல்ல வேலை, பொய் சொல்லக்கூடாது. பிறை வடிவத்தில் ஒரு விரிகுடா, நடுவில் ஒரு துறைமுக நகரம், பெயர் கருமுனை. ராஜா கிடையாது. ஒன்பது வணிகர்கள் கொண்ட சபை ஆள்கிறது. கலங்கரை விளக்கம், பண்டகசாலைகள், கூலிப்படை, திருடர் சங்கம், சாராயக்கடை எல்லாம் உண்டு. ஒவ்வொரு தெருவுக்கும் பெயர் வைத்திருக்கிறான். ஆனால் ஊருக்குப் பின்னால் ஒரு மலைத்தொடரைக் கோணல் கோணலாகப் போட்டு, அதன்மேல் ஒரே வரி எழுதியிருந்தான்: "காட்டுமிராண்டிகள் வாழும் மலை."

விளையாட வந்தவர்களில் ஒருவன் கோத்தகிரிப் பக்கம் படுகர் ஊர்ப் பையன். அவன் சிரித்துக்கொண்டே, "டேய், எங்க ஊரையா எழுதியிருக்கே?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அந்த வரி என்னை விடவில்லை. நாலு நாள் மழை, வெளியே போக முடியாது, அலமாரியில் புத்தகம் இருக்கிறது. அப்படிச் சேர்த்த குறிப்புகள்தான் இது.

முதலில், கருமுனை மாதிரி ஊர்கள் எங்கிருந்து வருகின்றன? அவன் வானத்திலிருந்து பிடித்துவிடவில்லை. ஃப்ரிட்ஸ் லைபர் என்ற அமெரிக்கர் 1939-லிருந்து எழுதிய கதைகளில் லாங்க்மார் என்ற ஊர் வரும். கப்பல், புகை, திருடர் சங்கம் எல்லாம் அங்கேயே இருக்கிறது. 1976-ல் ஜட்ஜஸ் கில்ட் என்ற கம்பெனி, ஆட்டக்காரர்களுக்காக ஒரு நகர அரசையே தெருத் தெருவாக அச்சடித்து விற்றது. அப்புறம் எட் கிரீன்வுட் உண்டாக்கிய வாட்டர்டீப். அங்கே ஆளுகிறவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு உட்காருவார்கள், ஒருவர் முகம் மட்டும்தான் ஊருக்குத் தெரியும். ஜார்ஜ் மார்ட்டின் எழுதிய பிராவோஸ், தப்பி ஓடிவந்த அடிமைகள் கட்டிய ஊர். இன்று உலகத்துக்கே கடன் கொடுக்கும் வங்கி அங்கே இருக்கிறது. இது எல்லாத்துக்கும் பாட்டி ஊர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் வெனிஸ். கொஞ்சம் ஜெனோவா, கொஞ்சம் ரகூசா. ராஜா இல்லாமல் வியாபாரிகள் ஆண்ட கடல் நகரங்கள். ஐரோப்பியக் கற்பனைக்கு அது வீட்டுச் சாமான் மாதிரி, கை நீட்டினால் எட்டும்.

நமக்கும் கற்பனைத் துறைமுகம் உண்டு. சாண்டில்யனின் யவன ராணி படித்தவர்களுக்குப் புகார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது, கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் அந்த யவனப் பெண்ணும் அவளைக் கண்டெடுக்கும் இளஞ்செழியனும்தான். நான் எட்டாம் வகுப்பில் லைப்ரரியில் எடுத்துப் படித்தேன். அதற்கப்புறம் பூம்புகாருக்கு முதல் தடவை போனபோது ஏமாந்து போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயில், மணல், ஐஸ் விற்கிறவர், அரசாங்கம் கட்டிய மண்டபங்கள். கோட்டையும் இல்லை, யவன ராணியும் இல்லை.

ஆனால் புகார் இருந்தது. பெரிப்ளூஸ் என்று நாம் சொல்லும் கிரேக்க வணிகக் கையேடு, கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எழுதியது, கீழைக் கரையில் கமரா என்ற துறையைச் சொல்கிறது. அது புகார்தான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். தாலமி கபேரிஸ் என்று எழுதுகிறார், அதில் காவேரி தெளிவாகவே கேட்கிறது. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் தோண்டியபோது, செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று, படகைக் கட்டுகிற மரத்தூண்களோடு கிடைத்தது. பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் சொல்லும் ஊர் இன்னும் விரிவானது. கடல் பக்கம் மருவூர்ப்பாக்கம், அங்கே யவனர் வீடுகள், வியாபாரிகள், தொழிலாளர்கள். உள்ளே பட்டினப்பாக்கம், அரசனும் பெரிய மனிதர்களும். இரண்டுக்கும் நடுவே மரநிழலில் சந்தை. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. இறங்குகிற சரக்கு, ஏறுகிற சரக்கு இரண்டுக்கும் புலி முத்திரை குத்துகிற சுங்க அதிகாரிகள். நம்ம பையன் கருமுனைக்குத் தெரு வரைந்ததற்குப் பதில் இதையே எடுத்திருக்கலாம்.

ஒரே ஒரு வித்தியாசம். புகாரில் சபை ஆளவில்லை, சோழன் ஆண்டான். அந்தப் புலி யாருடைய புலி? கோவலனின் அப்பா மாசாத்துவான் பெரிய வணிகர், கண்ணகியின் அப்பா மாநாய்கன் கப்பல் ஓட்டிச் சம்பாதித்தவர். இருவரும் ஊரே வணங்குகிற குடும்பம். ஆனால் சிறந்த வணிகனுக்கு 'எட்டி' என்ற பட்டம் கொடுப்பவன் அரசன். பட்டம் கொடுக்கிற இடத்தில் ஒருத்தன் இருக்கிறான் என்றால் அது வெனிஸ் இல்லை. மேற்கே முசிறி சேரனுடையது, தெற்கே கொற்கை பாண்டியனுடையது. மூணுமே அரசனுடைய கஜானாவின் கடல் பக்க வாசல்கள்தான்.

சரி, தமிழ் வணிகர்கள் தாங்களே ஊரை நடத்தியதே இல்லையா என்றால், நடத்தியிருக்கிறார்கள். அதற்கு சில நூற்றாண்டு தள்ளி வர வேண்டும். கி.பி. 849-ல் கொல்லத்தில், வேணாட்டு அய்யனடிகள் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. அந்தப் பள்ளியைக் கட்டியவர் மருவான் சபீர் ஈசோ. அந்த நகரத்தை உண்டாக்கியவரும் அவரே என்கிறது செப்பேடு. காவலும் பொறுப்பும் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு வணிகக் குழுக்களிடம் போகிறது. கடைசியில் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கின்றன பாருங்கள், அரபியில் கூஃபி எழுத்து, பாரசீகத்தில் பஹ்லவி எழுத்து, அப்புறம் எபிரேய எழுத்து. வட்டெழுத்தில் எழுதிய ஒரு பத்திரத்துக்கு இத்தனை பேர் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எந்தக் கற்பனை நாவலாசிரியரும் இதை எழுதியிருந்தால் 'கொஞ்சம் ஓவர்' என்று சொல்லியிருப்போம்.

அப்புறம் திசையாயிரத்து ஐந்நூற்றுவர். தங்களுக்கென்று படைவீரர்களை வைத்துக்கொண்டு, வழியில் உள்ள ஊர்களை எறிவீரப்பட்டினம் என்று அறிவித்து, யார் என்ன வரி கட்ட வேண்டும், யார் கட்ட வேண்டாம் என்று கல்லில் வெட்டி வைத்தவர்கள். ஆந்திர எல்லையிலும் இலங்கையிலும் இந்தக் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. 1088-ல் சுமத்ராவின் பாரூஸில் அவர்கள் வைத்த தமிழ்க் கல்வெட்டில், வந்து சேரும் கப்பலின் தலைவனும் ஆட்களும் கஸ்தூரி விலைப்படி பொன் கட்டிவிட்டுத்தான் விரித்த துணியில் கால் வைக்கலாம் என்று இருக்கிறது. அந்த விரித்த துணியை நினைத்துப் பாருங்கள். ஈரக் கால்களோடு ஒரு மாலுமி நிற்கிறான், எதிரே தராசோடு தமிழ் பேசுகிறவன் நிற்கிறான். கருமுனைச் சபைக்கு நான் கண்ட மிக நெருக்கமான உறவு இதுதான். பையனிடம் சொன்னேன், "மாமா, இதை அப்படியே எடுத்துக்கறேன்" என்றான்.

இதுவரை கடல். இப்போது மலைக்கு வருகிறேன், எனக்கு உறுத்தியது அதுதானே.

கற்பனைத் துறைமுகங்களில் நான் பார்த்த பெரிய ஓட்டை ஒன்று. கப்பல்கள் வரும், போகும். பண்டகசாலை நிறைந்திருக்கும். அந்தச் சரக்கு எங்கே விளைந்தது, யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. ஊருக்குப் பின்னால் இருக்கும் இடம் பூதம், கொள்ளைக்காரன், காட்டுமிராண்டிக்கு ஒதுக்கப்பட்டது. ஆட்டத்தில் காட்டுமிராண்டி என்றே ஒரு பாத்திர வகை இருக்கிறது. கோபம் வந்தால் அவனுக்குப் பலம் கூடும், அதுதான் அவன் தகுதி!

நம்ம பழைய புலவர்கள் இந்த விஷயத்தில் தெளிவு. புறநானூற்று 343-ஆம் பாட்டில் பரணர் முசிறியைக் காட்டுகிறார். மீனைக் கொடுத்து நெல் வாங்குகிறார்கள், வீட்டில் மிளகு மூட்டைகள் குவிந்து கிடக்கின்றன, கப்பல் கொண்டுவந்த பொன்னைத் தோணிகள் கரை சேர்க்கின்றன. அங்கே குட்டுவன் தன்னிடம் வந்தவர்களுக்கு மலையில் விளைந்ததையும் கடலில் கிடைத்ததையும் கலந்து கொடுக்கிறான். மலையை முதலில் சொல்கிறார், கவனிக்க வேண்டும். பட்டினப்பாலையின் புகார்ச் சந்தைப் பட்டியலிலும் கடல்வழி வந்த குதிரைக்கும் வண்டியில் வந்த மிளகுக்கும் பக்கத்திலேயே மேற்கு மலையின் சந்தனமும் அகிலும் இருக்கின்றன.

வெளிநாட்டுச் சாட்சியும் இதையேதான் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் ஏடு. முசிறிப் பயணத்துக்காக வாங்கிய கடன் பத்திரம் ஒரு பக்கம், ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு மறு பக்கம். மொத்த மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ், அதில் நாலில் ஒரு பங்கு ரோம் அரசுக்கு வரி. படிக்கக் கிடைக்கும் பகுதியில் என்ன சரக்கு தெரியுமா? கங்கை வழியாக வந்த நளதம் என்ற வாசனைப் பொருள், அப்புறம் யானைத் தந்தம். நளதம் இமயமலைச் செடி. தந்தம் காட்டில் கிடைப்பது. இரண்டில் ஒன்றுகூடத் துறைமுகத்தில் விளைந்ததில்லை. (இந்த ஏடு இப்போது வியன்னாவில் இருக்கிறது. முசிறியில் அகஸ்டஸ் கோயில் இருப்பதாகக் காட்டும் பழைய ரோமச் சாலைப்படத்தின் நகலும் அதே வியன்னா நூலகத்தில்தான். கடலே இல்லாத ஒரு நாட்டில் போய் நம்ம துறைமுகத்தின் இரண்டு பெரிய சாட்சிகளும் உட்கார்ந்திருக்கின்றன.)

மிளகுக்கு பிளினி விலையே எழுதி வைத்திருக்கிறார். ஒரு ராத்தல் கறுப்பு மிளகு 4 தெனாரியஸ், வெள்ளை மிளகு 7, திப்பிலி 15. காரத்தைத் தவிர இதில் என்ன இருக்கிறது, காட்டுப் பொருளைப் போய்த் தங்கம் மாதிரி நிறுத்து வாங்குகிறார்களே என்று அவருக்குப் பயங்கர எரிச்சல். எகிப்தில் செங்கடல் கரையில் பெரனிகே என்ற துறையில், கோயில் முற்றத்தில் புதைத்திருந்த இந்தியப் பானைக்குள் ஏழரைக் கிலோ கறுப்பு மிளகு அப்படியே கிடைத்தது. முதல் நூற்றாண்டு மிளகு. ஏதோ ஒரு மலைச்சரிவில் யாரோ ஒருவர் கொடியிலிருந்து பறித்தது அது. அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை, கப்பலின் பெயர் மட்டும் இருக்கிறது.

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டால் நீலகிரி இருக்கும் இடம் இன்னும் சுவாரசியம். பாலக்காட்டுக் கணவாயின் வடக்குச் சுவரே நாம்தான். மேற்குக் கரையிலிருந்து கொங்கு நாட்டுக்கும் கரூருக்கும் போன பாதை நம்ம காலடியில் போகிறது. அந்தப் பாதையில்தான் வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் கரூரிலும் ரோமக் காசுப் புதையல்கள் கிடைத்தன. நொய்யல் கரையில் கொடுமணல்; 1985-லிருந்து அகழாய்வு நடந்த இடம், இரும்பு உருக்கி, கல்மணி பட்டை தீட்டிய ஊர். கொஞ்சம் தள்ளிப் படியூரில் பச்சைக்கல். பெரில் என்று ரோமர்கள் உயிரை விட்ட கல் அது.

தண்ணீரைப் பாருங்கள், இது எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. குன்னூர் ஆறு இறங்கி மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேர்கிறது. பவானி கூடுதுறையில் காவேரி. காவேரி போய்ச் சேருவது பூம்புகார். அதே நீலகிரியில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பெய்கிற மழை பாண்டியாறு, புன்னம்புழா வழியாகச் சாலியாற்றில் இறங்கி பேப்பூரில் அரபிக்கடலில் விழுகிறது. இன்றைக்கும் உரு கட்டுகிற பேப்பூர். ஒரே மலை, இரண்டு கடலுக்கும் தண்ணீர். புகாரின் கொல்லைப்புறமும் நாம்தான், மலபாரின் கொல்லைப்புறமும் நாம்தான். மிளகு குன்னூர் உயரத்தில் வராது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். கூடலூர்ச் சரிவில் வரும், வயநாட்டில் வரும்.

மலையிலிருந்து இறங்கியது இருக்கட்டும். மலைக்கு ஏறியது ஏதாவது உண்டா? இந்த இடத்தில்தான் 'காட்டுமிராண்டி' வரி உடைகிறது.

ஜேம்ஸ் வில்கின்சன் ப்ரீக்ஸ், நீலகிரியின் முதல் கமிஷனர். ஊட்டியில் அவர் பெயரில் 1874-ல் தொடங்கிய பள்ளிக்கூடத்தை எல்லாருக்கும் தெரியும். அவர் 1870-களின் தொடக்கத்தில் இந்த மலைமுகடுகளில் இருந்த கல்வட்டங்களை, பழைய ஈமக்குழிகளைத் தோண்டினார். புத்தகம் 1873-ல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை, மனைவிதான் வெளியிட்டார். தோண்டிய பொருட்களில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்தாழிகளின் மூடிமேல் எருமை, குதிரை ஏறிய ஆள் என்று சின்னச் சின்ன உருவங்கள். இரும்பு ஆயுதம். தங்க நகை. அப்புறம் வெண்கலக் கிண்ணங்கள்.

எருமை உருவங்களைப் பார்த்தால் வீட்டு ஞாபகம் வரும், அது வேறு. அந்தக் கிண்ணங்கள் வேறு ரகம். தகடு மாதிரி மெல்லியது. ஓரத்தில் பூவிதழ் மாதிரி மடிப்பு ஓடுகிறது. யாரோ ஒரு பெரிய கைகாரர் செய்தது. உலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் இந்த மாதிரிக் கிண்ணங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சாதாரண வெண்கலம் இல்லை, 100-க்கு 20 பங்குக்கு மேல் வெள்ளீயம் சேர்த்து, சூட்டில் அடித்து, தண்ணீரில் முக்கி எடுத்த வகை. ஆதிச்சநல்லூர்ப் பாத்திரங்களும் அதே ஜாதி. கேரளத்தில் ஓட்டுப் பாத்திரம் அடிக்கிறவர்கள் கையில் அந்த நுட்பம் நம்ம காலம் வரை தங்கியிருந்தது.

இப்போது ஒரு கேள்வி. நீலகிரியில் தங்கம் உண்டு; 1880 வாக்கில் தேவாலாப் பக்கம் தங்கம் தோண்டப் போகிறோம் என்று லண்டனில் பங்கு விற்று ஊரையே ஏமாற்றிய கதை தனிக் கட்டுரைக்கு உரியது. இரும்பு உண்டு. வெள்ளீயம் கிடையாது. அப்படியானால் கிண்ணத்தில் உள்ள ஐந்தில் ஒரு பங்கு எங்கிருந்து ஏறியது? பெரிப்ளூஸ் எழுதியவர், மலபார்த் துறைகளில் எதை இறக்கினால் விலை போகும் என்று பட்டியல் போட்டிருக்கிறார். காசு, துணி, அஞ்சனக்கல், பவளம், கண்ணாடி, செம்பு, காரீயம், கொஞ்சம் திராட்சை மது. கூடவே வெள்ளீயம்.

இந்தக் கிண்ணத்து ஈயம் அந்தக் கப்பலிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே யாராவது வாட்ஸ்அப்பில் 'நீலகிரியில் ரோமானியர்' என்று போட்டுவிடுவார்கள். கிண்ணங்களுக்குச் சொல்லப்படும் காலமும் ஒருவருக்கொருவர் சில நூற்றாண்டு வித்தியாசப்படுகிறது. ஆனால் ஏதோ ஒரு தூரத்துத் துறையிலோ சந்தையிலோ கைமாறிக் கைமாறி ஏறியிருக்கிறது. சும்மா யாரும் தரமாட்டார்கள். பதிலுக்கு இந்த மலை ஏதோ கொடுத்திருக்கிறது. தேன், தந்தம், நெய், அகில், எதுவாகவோ இருக்கட்டும். செத்தவரோடு சேர்த்துப் புதைக்கும் அளவுக்கு அந்தக் கிண்ணம் அவர்களிடம் மரியாதை பெற்றிருக்கிறது. அத்தனை அருமையான பாத்திரத்தில் எதையோ ஊற்றிக் குடித்த மனிதர்களைத்தான் நம்ம வரைபடம் காட்டுமிராண்டி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது.

அந்தச் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்து பார்பேரியன் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நமக்குப் புரியாமல் 'பர் பர்' என்று பேசுகிறவன் என்று பொருள். சரி, அதே கிரேக்க வழி வந்த யவனர்களை நம்ம ஆட்கள் என்ன சொன்னார்கள்? பதிற்றுப்பத்தின் ஒரு பதிகம், சேர அரசன் பிடித்துக் கட்டிய யவனர்களைக் கடுமையான சொல் பேசுகிறவர்கள் என்கிறது. கைகளைப் பின்னால் கட்டித் தலையில் நெய் ஊற்றினானாம். ஆக முசிறியிலிருந்து பார்த்தால் கப்பலில் வந்தவன்தான் பார்பேரியன். யார் வரைபடம் வரைகிறார்களோ அவர்களைப் பொறுத்த விஷயம்.

துறைமுகம் மலையைக் கற்பனை செய்ததற்கு நம்ம மலையிலேயே ஒரு அச்சு அசல் உதாரணம் உண்டு. கள்ளிக்கோட்டைத் துறையில் இருந்த போர்ச்சுகீசியக் காலத்துப் பாதிரிமார்களுக்கு ஒரு செவிவழிச் செய்தி எட்டியது. உள்ளே தொலைவில் தோடமலை என்று ஒரு மலை இருக்கிறது, அங்கே தங்கள் மதத்தையே மறந்துபோன பழைய கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்று. 1603-ல் ஃபினீசியோ என்ற இத்தாலிய ஜெசுவிட் பாதிரியார் அவர்களைத் தேடி மலையேறினார். கிறிஸ்தவர் யாரும் இல்லை. எருமை மேய்க்கும் தோடர்கள் இருந்தார்கள், படுகர்கள் இருந்தார்கள். தோடப் பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூலும் கொடுத்துவிட்டு, பார்த்ததை எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார். தோடரைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் குறிப்பு அதுதான். ஒரு துறைமுகம் தனக்கு வேண்டியதை மலைமேல் எழுதிப் பார்த்தது. நேரில் ஏறிப் பார்த்தவருக்கு வேறு மனிதர்கள் கிடைத்தார்கள். அதற்கப்புறம் 1819-ல் சல்லிவன் வந்து 'கண்டுபிடித்தார்' என்று பாடப்புத்தகத்தில் போடுகிறோம். அதுவரை இங்கே தோடர் நெய்யும், கோத்தர் இரும்பும் பானையும், குறும்பர் தேனும், படுகர் தானியமும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு ஒரு சந்தைக் கணக்கே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கண்டுபிடிக்கக் காத்துக்கிடக்கவில்லை.

மூணாம் நாள் ராத்திரி இதையெல்லாம் பையன்களிடம் சொன்னேன். பாதிக்கு மேல் பொறுமையாகத்தான் கேட்டார்கள். நம்ம ஆள் ரப்பரை எடுத்து அந்த ஒரு வரியை அழித்தான். அழித்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். கோத்தகிரிப் பையன், "மொதல்ல பாதையைப் போடுடா, மூட்டை எறங்கணும்ல" என்றான். இரண்டு கணவாய், நாலு சுமைதாங்கி, மலையடிவாரத்தில் ஒரு சந்தை என்று போட்டார்கள். அப்புறம் அந்தப் பையன் தன் பழைய பாத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மலையிலிருந்து மிளகு இறக்குகிற ஒருவனாகப் புதிதாக எழுதிக்கொண்டான். பெயர் கூட வைத்தான், அது அவங்க தாத்தா பெயராம், இங்கே வேண்டாம்.

ஆட்டம் அதற்கப்புறம் வேறு மாதிரி போனது. கருமுனைச் சபை வழக்கம் போல மலைச் சரக்குக்குச் சுங்கத்தை இரண்டு மடங்கு ஏற்றியது. பழைய வரைபடமாக இருந்தால் அது ஒரு செய்தி, அவ்வளவுதான். இப்போது அந்தப் பையன், "அப்படியா, நான் எறங்கலை" என்று சொல்லிவிட்டு அடிவாரச் சந்தையில் உட்கார்ந்துகொண்டான். வாள் எடுக்கவில்லை, பகடை கூட உருட்டவில்லை. துறையில் ஏழு கப்பல்கள் நிற்கின்றன. காற்று திரும்பும் காலம். ரோமக் கப்பல்கள் மார்கழியில், தப்பினால் தை பிறக்கும் முன் முசிறியை விட்டுக் கிளம்பியாக வேண்டும் என்று பிளினி எழுதியதை நான்தான் நடுவில் போய்ச் சொல்லித் தொலைத்தேன். தவறினால் அடுத்த காற்றுக்காகப் பல மாதம் காத்திருக்க வேண்டும். ஒன்பது பேர் சபைக்கு முதல் தடவையாகக் கை நடுங்கியது.

லீவு முடிந்து எல்லாரும் கீழே போய்விட்டார்கள். ஆட்டம் போனில் தொடர்கிறது போல. போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூப்பிட்டான்.

"மாமா, சபை மலைக்குத் தூது அனுப்புது. தூது போறவன் வெறுங்கையோட போக முடியாதுல்ல. என்ன கொண்டு போவான்?"

வெள்ளீயம் கொண்டு போகச் சொன்னேன்.